சோடிப் பங்களா

ராஜினிக்கு வேண்டியிருந்ததெல்லாம் ஒரு கதவு. முதிரைக் கதவு, தேக்கங்கதவு என்றெல்லாம் அவள் ஆசைப்படவில்லை. தகரத்தில் அடித்த கதவென்றாலும் போதும், உள்பக்கம் ஒரு கொளுக்கி இருந்தால் சரி. கலியாணம் முடித்து இது இரண்டாவது காலபோகம். முதல் போகத்து நெல் விதைத்து, விளைந்து, வெட்டி, மூட்டையாகி, அதற்கென்று ஒரு அறையும் கதவும் பூட்டும் சாவியும் கிடைத்துவிட்டன. அவளுக்கும் சிவராசாவுக்கும் இன்னும் கிடைக்கவில்லை.

வீடு மாமனார் முத்துலிங்கத்தாருடையது. கிளிநொச்சிக்குக் கிழக்கே, நாவலடிக் குளத்து வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் இருந்தது. அறைகள் இரண்டு. ஒன்றில் மேற்படி நெல். மற்றதில் மாமியார் வடிவம்மாவின் தங்கை கமலாசனி. பூநகரிச் சண்டை நேரம் "ரெண்டு கிழமைக்கு" என்று சொல்லிக்கொண்டு புருசனோடும் மூன்று குமர்ப்பிள்ளைகளோடும் வந்தவள். அந்த இரண்டு கிழமை இன்னும் முடியவில்லை. மிஞ்சியது ஹோல். அதில் சுவரோரம் மாமனும் மாமியும். குறுக்கே கட்டிய கயிற்றில் மாமியின் பழைய வொயில் சேலை. சேலைக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளையும் பெண்ணும். வொயில் சேலை எதை மறைக்கும்? சிவராசா ஒருதரம் இருமினால் போதும், "கொத்தமல்லி அவிச்சுத் தரட்டோ தம்பி?" என்று இந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும்.

இந்த லட்சணத்தில், "என்ன பிள்ளை, இன்னும் ஒண்டும் இல்லையோ?" என்று கேட்காத வாய் ஊரில் இல்லை. கோயிலில் கேட்டார்கள், சங்கக்கடையில் கேட்டார்கள், கதிர் வெட்டும்போது வரம்பில் நின்று கேட்டார்கள். வடிவம்மா வற்றாப்பளை அம்மாளுக்கு நேர்த்தியே வைத்துவிட்டாள். வைகாசிப் பொங்கலுக்குள் நல்ல சேதி வந்தால் வெள்ளியில் தொட்டில். செவ்வாய்க்கிழமைகளில் ராஜினிக்கு விரதம். அம்மாள் பாவம், வற்றாப்பளையில் இருந்துகொண்டு என்னதான் செய்வாள்? ஒரு கதவை அனுப்பிவைக்க யாராவது அவளிடம் நேர்த்தி வைத்திருந்தால் எப்போதோ காரியம் முடிந்திருக்கும்.

மாமி கெட்டவள் அல்ல. அதுதான் கரைச்சல். கெட்டவளென்றால் வாய் திறந்து சண்டை பிடிக்கலாம். இவளோ மருமகளின் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டே, "உனக்கு நான் இருக்கிறன் பிள்ளை, ஒருநாளும் தனிய விடமாட்டன்" என்பாள். சொன்னபடியே ஒருநாளும் விடவுமில்லை.

இப்படி இருக்கையில்தான் தொண்ணூற்றைந்தாம் ஆண்டு தை பிறந்தது, கூடவே யுத்தநிறுத்தமும் வந்தது. முத்துலிங்கத்தாருக்குச் சமாதானத்தின்மேல் நம்பிக்கை பிறந்துவிட்டது. ஊர் அதைக் கேட்டுக் கொஞ்சம் பயந்தது. ஏனென்றால் அவர் நம்பிக்கை வைத்த எதுவும் உருப்பட்டதில்லை. செத்தல்மிளகாய்க்கு நல்ல விலை வரும் என்று அவர் நம்பிய வருசம் பாதை பூட்டுப்பட்டது. மழை பெய்யாது என்று அவர் நம்பிய வருசம் குளம் உடைத்தது.

அவர் நீர்ப்பாசனப் பகுதியில் ஓவசியராக இருந்து இளைப்பாறியவர். எஞ்சினியர்மார் வந்து தங்கும் விடுதிகளில் கட்டில் விரிப்பைத் தட்டிவிட்டு வெளியே நின்றே காலத்தைக் கழித்தவர். ஒரு கட்டிலிலாவது ஒருநாள் படுத்துப் பார்க்கவில்லை என்ற வயிற்றெரிச்சல் அவருக்கு இருந்தது. அந்த எரிச்சலில் எண்ணெய் ஊற்றினதுபோல லண்டனிலிருந்து ஒரு படம் வந்தது. தமையனின் மகன் ஜனார்த்தனன் கலியாணம் முடித்த கையோடு பெண்சாதியைக் கூட்டிக்கொண்டு ஏதோ கடற்கரைக்குப் போய், ஒரு குட்டி வீட்டுக்கு முன்னால் நின்று எடுத்த படம். 'இது இரண்டு பேருக்கு மட்டுமான வீடு சித்தப்பா. ஒரு கிழமை இருந்தோம். சமையல் நாங்களே' என்று பின்னால் எழுதியிருந்தான். பங்குனியில் இரண்டு பேரும் ஊருக்கு வருவதாகவும் இருந்தது.

முத்துலிங்கத்தார் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாத்தியே வடிவு, வெள்ளைக்காரன் காசும் குடுத்து, தானே சமைச்சும் சாப்பிடுறான்!"

"அதுக்கேன் அவன் அங்கை போறான்? வீட்டிலை நிண்டு சமைக்கலாமே?"

"உனக்கு விளங்காது. சமாதானம் வந்திட்டுது. இனி வெளிநாட்டிலை இருக்கிற எங்கடை பிள்ளையள் சோடி சோடியா வருவினம். வந்தால் எங்கை தங்கிறது? உன்ரை சேலைக்குப் பின்னாலையோ?"

சேலைக்குப் பின்னால் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்த ராஜினிக்குக் கை நின்றுவிட்டது. சேலைக்குப் பின்னால் ஆட்களைத் தங்கவைக்க முடியாது என்ற உண்மை மாமாவுக்குத் தெரிந்தேதான் இருக்கிறது.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், வயற்கரையில், தமையன் லண்டனுக்குப் போகமுதல் கட்டிய கல்வீடு ஒன்று வைக்கோலும் பசளைப் பையும் நோஞ்சான் கன்றுமாகக் கிடந்தது. ஒரு அறை, ஒரு குசினி, ஒரு விறாந்தை. அதுதான் பங்களா என்று முத்துலிங்கத்தார் தீர்மானித்தார். கன்று வெளியேற்றப்பட்டது. இரண்டு பேருக்கு என்றால் இரண்டு பேருக்குத்தான் என்பதில் அவர் கடுமையாக நின்றார். இரண்டு கதிரை, இரண்டு கோப்பை, இரண்டு பீங்கான், இரண்டு கரண்டி. சுவரில் துவாய் கொழுவ இரண்டு ஆணி. மூன்றாவது ஆணி அடிக்கப்போன தச்சனை அவர் கையைப் பிடித்துத் தடுத்தார்.

பரந்தனில் உடைந்து கிடந்த ஒரு கட்டடத்திலிருந்து கக்கூசுக்கென்று வெள்ளைக் கொமட் ஒன்று மாட்டுவண்டியில் வந்தது. வண்டியில் அது வந்த வடிவத்தைப் பார்த்துச் சில பேர் ஏதோ சுவாமி சிலை என்று செருப்பைக் கழற்றினார்களாம். சீமெந்தைக் கண்ணால் காண முடியாத காலம் அது. கிணற்றடி கட்டுவதற்கென்று முத்துலிங்கத்தார் கண்போலக் காத்துவைத்திருந்த சீமெந்து முழுவதும் கொமட்டின் காலடியில் போய்ச் சேர்ந்தது. வீட்டுப் பெண்கள் வழுக்குக் கல்லில் காலூன்றிக் குளித்துக்கொண்டே இருந்தார்கள். அயலட்டம் வந்து வந்து பார்த்தது. "படுக்கிற அறைக்குப் பக்கத்திலையோ?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டது. தண்ணீர் வரக் குழாய் இல்லை என்பதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

பாட்டுக் கேட்கவும் வசதி செய்தாயிற்று. மின்சாரத்தை மறந்து வருசக்கணக்கான ஊரில் பற்றரிக்கு எங்கே போவது? விறாந்தையில் ஒரு சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, டைனமோவிலிருந்து கசற்றும் போடக்கூடிய றேடியோவுக்கு வயர் இழுத்தார். ஒராள் கையால் பெடலைச் சுற்ற மற்றாள் கேட்கலாம். "இதுவும் ரெண்டு பேருக்குத்தான்" என்று அதையும் பெருமையாகச் சேர்த்துக்கொண்டார்.

பின்பக்கம் குண்டுக்குப் பதுங்க ஒரு பங்கர். சமாதானத்தில் அவ்வளவு நம்பிக்கை உள்ளவர் பங்கர் ஏன் வெட்டினார் என்று கேட்கக்கூடாது. வன்னியில் பங்கர் இல்லாத வீட்டுக்கு யார் வந்து தங்குவார்கள்? ஆனால் கொள்கையை விடவில்லை. அந்தப் பங்கரும் இரண்டு பேருக்குத்தான். மூன்றாவது ஆள் இறங்கினால் முழங்கால் மோதும். உள்ளே இருப்பதற்கு மண்ணில் வெட்டிய இரண்டு குந்து, மேலே தென்னங்குற்றியும் மண்ணும், வாசலில் சாக்கு.

கடைசியாக அறைக்குக் கதவு வந்தது. முதிரை. ராஜினி தச்சனுக்குத் தேத்தண்ணி கொண்டுபோன நேரம் அவன் உள்பக்கம் பித்தளைக் கொளுக்கியை அடித்துக்கொண்டிருந்தான். போட்டுக் காட்டினான், கழற்றிக் காட்டினான், திரும்பப் போட்டுக் காட்டினான். ராஜினி தேத்தண்ணியை நிலத்தில் வைத்துவிட்டு வாய்க்காலடிக்குப் போய் முகத்தைக் கழுவினாள். அழுகை வந்துவிட்டது. ஒரு கொளுக்கியைப் பார்த்து அழுகிற நிலைமைக்கு வந்துவிட்டோமே என்று கோபமும் வந்தது.

அன்று பின்னேரம் வயலில் சிவராசாவைப் பிடித்தாள்.

"இஞ்சருங்கோ, மாமாட்டைக் கேளுங்கோ. லண்டன் ஆக்கள் வரும்வரைக்கும் எண்டாலும் நாங்கள் அங்கை இருக்கிறமெண்டு."

சிவராசா நல்லவன். தாய் எதைச் சொன்னாலும் "ஓம்" என்பான், தகப்பன் எதைச் சொன்னாலும் "ஓம்" என்பான், மாடு முறைத்தால்கூட வழிவிடுவான். மண்வெட்டிப் பிடியைத் தடவினான்.

"என்னெண்டு கேக்கிறது? எங்களுக்கு அறை வேணுமெண்டால், ஏன் எண்டெல்லோ கேப்பார்?"

"ஏன் எண்டு அவருக்குத் தெரியாதோ? நீங்கள் என்ன வானத்திலை இருந்தோ விழுந்தனீங்கள்?"

சிவராசாவின் காது சிவந்துவிட்டது. "பாப்பம்" என்றான். அவன் "பாப்பம்" என்றால் அந்தக் காரியத்தை மறந்துவிடலாம் என்று ராஜினிக்குத் தெரியும்.

பங்குனியில் ஜனார்த்தனனும் அனோஜாவும் வந்தார்கள். வவுனியாவுக்கு இப்பால் கொஞ்சத் தூரம் நடந்து, புளியங்குளத்திலிருந்து மண்ணெண்ணெயில் ஓடும் வான் வண்டியில் ஏறி, வந்து இறங்கும்போது இரண்டு பேரும் தலைமயிரிலிருந்து சப்பாத்து வரை ஒரே செம்மண் நிறம். முத்துலிங்கத்தார் அவர்களைக் குளிக்கக்கூட விடாமல் பங்களாவைச் சுற்றிக் காட்டினார். கட்டிலில் கையால் அடித்து இலவம்பஞ்சு மெத்தையின் தடிப்பைக் காட்டினார். கொமட்டின் மூடியைத் திறந்து மூடிக் காட்டினார். பங்கருக்குள் இறங்கிக் குந்திக் காட்டினார். மேலே வரத்தான் சிவராசா கை கொடுக்க வேண்டியதாயிற்று.

"நல்ல வடிவாயிருக்கு சித்தப்பா" என்றான் ஜனார்த்தனன். உண்மையாகவே சொன்னான். அனோஜா குளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் ஒரு சந்தோசம் தெரிந்தது. ராஜினிக்கு அது பிடித்தது, கொஞ்சம் பொறாமையும் வந்தது.

"சமையல் நீங்களே" என்று முத்துலிங்கத்தார் அரிசி, மா, தேங்காய், இரண்டு முட்டை என்று குசினியில் வைத்ததைக் காட்டினார். வடிவம்மாவுக்கு அந்த இடத்தில் பொறுக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிள்ளைகளை அடுப்பூதச் சொல்வதா? அவள் தலையில் இடி விழாதா? மனுசனின் தலை மறைந்ததும் புட்டும் மீன்குழம்பும் போயிற்று. பிறகு இடியப்பம் போயிற்று. பிறகு ஒடியற்கூழ் பானையோடு போயிற்று. கூழைத் தனியக் குடிக்கமுடியாது, நாலு பேர் சுற்றியிருந்து குடிக்க வேண்டும் என்று கமலாசனியும் மூன்று குமர்களும் பானைக்குப் பின்னால் போனார்கள். இரண்டு கோப்பைதான் இருந்தது. சிரட்டையில் குடித்தார்கள்.

கூழ் முடிந்தும் ஒருவரும் எழும்பவில்லை. பொழுது பட்டது. வடிவம்மா பாயை விறாந்தையில் உதறி விரித்தாள்.

"சின்னம்மா, நீங்கள் போய்ப் படுங்கோவன். எங்களுக்குப் பயமில்லை" என்றான் ஜனார்த்தனன்.

"உங்களுக்குப் பயமில்லை ராசா, எங்களுக்கெல்லோ பயம். காட்டுக்கரையிலை ரெண்டு பிள்ளையளைத் தனிய விட்டிட்டுப் போய்ப் படுத்தால் எங்களுக்கு நித்திரை வருமோ?"

அந்தப் பக்கத்தில் அதுதான் வழக்கம். யார் வீட்டிலாவது இரண்டு பேர் மாத்திரம் இருக்கிறார்கள் என்றால் அயலவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு துணைக்குப் போய்ப் படுப்பார்கள். கூப்பிட வேண்டியதில்லை. வேண்டாம் என்பது மரியாதைக்குச் சொல்வது. அதை யாரும் கணக்கிலெடுப்பதில்லை. ஜனார்த்தனன் வேண்டாம் வேண்டாம் என்று மூன்று தரம் சொன்னான். எவ்வளவு நல்ல பழக்கமுள்ள பிள்ளை என்று வடிவம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்தநாள் கிணற்றடியில் அனோஜா ராஜினியைத் தனிய இழுத்துக்கொண்டு போனாள். கண்ணுக்குக் கீழே கறுப்பு.

"அக்கா, இவையள் வீட்டை போக மாட்டினமோ? அங்கை ரெண்டு பேரும் வேலை. அவர் இரவு, நான் பகல். ஒரு கிழமை தனிய இருப்பமெண்டுதானே இவ்வளவு தூரம் வந்தனாங்கள்."

"நான் வந்து ரெண்டு போகம்" என்றாள் ராஜினி. "எனக்கும் இன்னும் தெரியேல்லை."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு வாளிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். லண்டனிலும் நாவலடியிலும் விசயம் ஒன்றுதான் என்று தெரிந்ததில் ராஜினிக்கு ஒரு ஆறுதல்.

ஒரு கிழமைக்கு வந்தவர்கள் மூன்றாம் நாளே, கொழும்பில் அவசர வேலை என்று வெளிக்கிட்டார்கள். முத்துலிங்கத்தார் இடிந்துபோனார். எது பிழையாய்ப் போனது என்று பங்களாவைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் கொமட்டுக்குத் தண்ணீர்க் குழாய் இல்லாததுதான் காரணம் என்று கண்டுபிடித்தார். அடுத்த சோடி வரமுதல் அதைச் சரிபண்ணுவதாகச் சொல்லிக் கதவைப் பூட்டினார். சாவியை ராஜினியிடம் கொடுத்தார், தினம் கூட்டித் துடைப்பதற்கு.

பின்னேரத்தில் தும்புத்தடியோடு போவாள். அறையைக் கூட்டியபின் கொளுக்கியைப் போட்டுவிட்டுக் கட்டிலில் கொஞ்சநேரம் இருப்பாள். தனிய இருக்கிறதுகூட நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவள் கேட்டது தனிமையை அல்லவே. இரண்டு கதிரை, இரண்டு கோப்பை, சுவரில் இரண்டு ஆணி. எல்லாம் இரண்டு இரண்டாகக் காத்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் ஒற்றையாய் இருந்தாள்.

ஒருநாள் யோசனை வந்தது. சிவராசாவுக்குச் சொல்லிக்கொடுத்தாள். பள்ளிப் பிள்ளைக்குப் பேச்சுப்போட்டிக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல வயலில் வைத்து இரண்டு மூன்று தரம் சொல்லவைத்தாள். சோறு பிசையும்போது அவன் சொன்னான்.

"ஐயா, பங்களாவிலை ஆரும் படுக்காட்டில் உந்தக் கொமட்டை ஆராவது கழட்டிக்கொண்டு போயிடுவாங்கள்."

முத்துலிங்கத்தார் திடுக்கிட்டார். "ஓமடா. நான் அதை யோசிக்கேல்லை. நீ போய்ப் படு."

"தனியவோ?" என்றாள் வடிவம்மா.

அந்தக் கேள்விக்குத்தான் ராஜினி காத்திருந்தாள். அகப்பையைப் பார்த்துக்கொண்டு, "நான் துணைக்குப் போறன் மாமி" என்றாள்.

வடிவம்மா மருமகளை நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. "ஓம் பிள்ளை. நீ போறதுதான் சரி" என்றாள். ராஜினிக்கு மாமியின் காலில் விழவேண்டும்போல இருந்தது. இவ்வளவு நாளும் மனதுக்குள் திட்டியதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்டாள், அதுவும் மனதுக்குள்ளேதான்.

பொழுது சாய முதலே போய்விட்டார்கள். குளத்து மீன் இரண்டு வாங்கிப் பங்களாக் குசினியில் அவளே சமைத்தாள். புளி கொஞ்சம் கூடிவிட்டது. சிவராசா நல்லாயிருக்கு என்றான். இரண்டு பீங்கானில் போட்டு, இரண்டு கதிரையில் இருந்து சாப்பிட்டார்கள். கலியாணத்துக்குப் பிறகு அவன் சாப்பிடும்போது அவள் பரிமாறாமல் பக்கத்தில் இருந்து சாப்பிட்டது அன்றுதான். கை கழுவிவிட்டு அவன் ஒரு பாட்டுக் கசற்றைப் போட்டு விறாந்தையில் சைக்கிள் பெடலைச் சுற்றினான். பாட்டு வந்தது. கை ஓயும்போது பாடகியின் குரல் ஆம்பிளைக் குரலாக இழுபட்டது, விரைவாகச் சுற்றினால் சுண்டெலியாகக் கீச்சிட்டது. ராஜினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் இப்படிச் சிரிப்பாள் என்று சிவராசாவுக்குத் தெரிந்திருக்கவில்லை. பெடலை விட்டுவிட்டு அவளையே பார்த்தான்.

"நீர் இப்பிடிச் சிரிச்சு நான் பாக்கேல்லை" என்றான்.

"எங்கை வைச்சுச் சிரிக்கிறது? சிரிச்சால் கொத்தமல்லி எல்லே வரும்."

அவனும் சிரித்தான். அந்த நேரம்தான் வாய்க்கால் பாலத்தில் அரிக்கன் லாம்பு ஒன்று ஆடி ஆடி வந்தது. லாம்புக்குப் பின்னால் முத்துலிங்கத்தார். அவருக்குப் பின்னால் பாயைக் கக்கத்தில் இடுக்கியபடி வடிவம்மா. அவளுக்குப் பின்னால் கமலாசனி, புருசன், மூன்று குமர்கள், ஒரு செம்புத் தண்ணீர்.

"ரெண்டும் சின்னன்கள்" என்றாள் வடிவம்மா, மூச்சு வாங்க. "அனுப்பிப்போட்டு அங்கை இருக்கேலாமல் போச்சு. யானை வாற காலமெல்லே. உனக்குத் துணை வேண்டாமோ பிள்ளை?"

ராஜினி சிவராசாவைப் பார்த்தாள். அவன் வாயைத் திறந்தான். அவள் காத்திருந்தாள்.

"ஓமம்மா" என்றான் சிவராசா.

நாரிப்பிடிப்பில் இடுப்பு நிமிராதவள் என்று கமலாசனிக்குக் கட்டில் கொடுபட்டது. தங்கச்சி தனியப் படுத்தால் பயப்படுவாள் என்று அக்காள் பக்கத்தில் படுத்தாள். மூன்று குமர்களும் கட்டிலைச் சுற்றி நிலத்தில். மற்றவர்களுக்கு விறாந்தை. நரி வரும் என்று கமலாசனி உள்ளிருந்து சொல்வதும், பித்தளைக் கொளுக்கி விழும் சத்தமும் கேட்டன. அந்தச் சத்தத்தை ராஜினி வெளியே படுத்திருந்து கேட்டாள். அருகில் மாமனார் குறட்டை விடத் தொடங்கினார்.

அதற்குப் பிறகு அவள் சிவராசாவோடு பேசவில்லை. கோபம் மாமியில் இல்லை. மாமிக்குத் தெரிந்த அன்பு அவ்வளவுதான். ஒரு "ஓம்"மை விழுங்கத் தெரியாதவனை என்ன செய்வது? சோறு போட்டாள், உடுப்புத் தோய்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. அவன் வயலில் இருந்து எதை எதையோ சொல்ல எடுத்து வந்து சொல்லாமல் திரும்பிப் போனான். செவ்வாய்க்கிழமை வந்தது. அவள் விரதம் பிடிக்கவில்லை, வயிறு நிறையச் சாப்பிட்டாள். வடிவம்மா அதைப் பார்த்துவிட்டு அம்மாளிடம் மருமகளுக்காக மன்னிப்புக் கேட்டாள்.

சித்திரை வருசம் பிறந்து ஒரு கிழமையும் ஆகமுதல் சமாதானம் முறிந்தது. முத்துலிங்கத்தார் றேடியோவில் அதைக் கேட்டார். பெடலைச் சுற்றியது கமலாசனியின் புருசன். செய்தி பாதியில் அவன் கை தானாக நின்றுவிட்டது. ஊர் முத்துலிங்கத்தாரைக் குறை சொல்லவில்லை. அவர் நம்பினாரே, பிறகென்ன என்று மட்டும் சொன்னது.

இனிச் சோடிகள் வரமாட்டார்கள். பங்களாச் சாமான்களை வீட்டுக்குக் கொண்டுவருவது என்று முடிவாயிற்று. ராஜினி முன்னுக்குப் போய்ப் பீங்கான்களைச் சாக்கில் கட்டினாள். சிவராசா சைக்கிளை நிமிர்த்த வந்தான். கிழக்கே இரைச்சல் கேட்டது. முதலில் டிராக்டர் என்று நினைத்தார்கள். அது மேலே எழும்பி வந்தது.

"பொம்மர்!" என்று வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் முத்துலிங்கத்தார் கத்தினார். வீட்டுப் பங்கருக்குள் ஒவ்வொருவராக விழுந்தார்கள். வடிவம்மாவின் குரல் மாத்திரம் வெளியே நின்றது. "சிவராசா! ராஜினி! ஓடி வாங்கோடா!" ஓடி வர மறைப்பில்லாத வெட்டை வயல், நடுவில் வாய்க்கால். சிவராசா ராஜினியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பங்களாப் பங்கருக்குள் இறங்கினான்.

இரண்டு குந்து. முழங்காலுக்கு முழங்கால். மண்ணிலிருந்து ஈரவாடை வந்தது. தலைக்கு மேலே விமானம் ஒரு சுற்றுச் சுற்றியது. தூரத்தில், பரந்தன் பக்கமாக இருக்கவேண்டும், இரண்டு இடி. தென்னங்குற்றிக்குள்ளிருந்து மண் உதிர்ந்து அவள் தலையில் விழுந்தது. சிவராசா அதைக் கையால் தட்டிவிட்டான். தட்டியபிறகு கையை எடுக்கவில்லை.

"அண்டைக்கு நான் வேண்டாமெண்டு சொல்லியிருக்க வேணும்" என்றான்.

இத்தனை நாளும் வயலிலிருந்து அவன் தூக்கித் தூக்கி வந்தது இதுதானா என்று ராஜினி நினைத்தாள். இரைச்சல் திரும்ப நெருங்கியது. அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு பக்கம், இன்னும் ஒரு சுற்றுச் சுற்றட்டுமே என்றும் இருந்தது. அப்படி நினைத்ததற்குத் தன்னையே ஏசிக்கொண்டாள். எங்கேயோ யாருடைய தலையிலோ குண்டு விழுகிறது, இவளுக்கு இங்கே புருசனோடு கதைக்க நேரம் காணாதாம். என்ன பிழைப்பு இது என்று ஆத்திரமும் வந்தது, அந்த ஆத்திரத்தோடேயே அவன் தோளில் நெற்றியை வைத்தாள்.

இரைச்சல் மெல்லத் தேய்ந்தது. மேற்கே போய், இல்லாமலே போயிற்று. ஒரு காகம் கத்தியது. குளத்தில் தண்ணீர் கரையில் தட்டும் சத்தம்கூடக் கேட்டது.

"பிளேன் போயிட்டுதடா!" வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வடிவம்மா தலையை வெளியே நீட்டியிருக்க வேண்டும். "தனிய இருந்து பயந்துபோயிருப்பியள். வெளியிலை வாங்கோ பிள்ளையள். இல்லாட்டில் நிண்டுகொள்ளுங்கோ, நான் அங்கை வாறன் துணைக்கு!"

ராஜினி நெற்றியை எடுத்தாள். எழும்பச் சேலையைக் கூட்டிப் பிடித்தாள். சிவராசா அவள் கையைப் பிடித்துத் திரும்ப இருத்தினான். காது சிவந்திருந்தது. தாயிடம் வாழ்க்கையில் சொல்லாத ஒன்றைச் சொல்லப்போகிறவன்போல ஒருதரம் எச்சிலை விழுங்கினான்.

"இல்லையம்மா!" என்று கத்தினான். "இஞ்சாலை இன்னும் சத்தம் கேக்குது! திரும்பி வருது போலை! நீங்கள் ஒருத்தரும் வெளியிலை வராதேங்கோ!"

அந்தப் பக்கத்தில் திடுதிடுவென்று எல்லோரும் திரும்பக் குழிக்குள் விழும் சத்தம் கேட்டது.

"ஓம் ராசா!" என்று மண்ணுக்குள்ளிருந்து வடிவம்மா குரல் கொடுத்தாள். "நாங்கள் அசைய மாட்டம்! நீங்களும் கவனம்!"

பங்கருக்குக் கதவு இல்லை. ராஜினி கையை நீட்டி வாசல் சாக்கை இழுத்து விட்டாள்.